பிரான்ஸ் பள்ளியில் 7 மாத உதவியாசிரியர் வேலை: பெங்களூருவிலிருந்து கிளம்பும் முன் என்னென்ன?

இந்திராநகர்_கவி:
அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஆங்கில உதவியாசிரியர் வேலை, வாரம் 12 மணி நேரம். ஓரியாக் என்ற சின்ன ஊரில் ஒரு லிசே (மேல்நிலைப் பள்ளி). நியமன ஆணை வந்துவிட்டது. வயது 24. பிறப்புச் சான்றிதழ் சேலத்தில் வாங்கியது, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. காகித வேலையில் எதை முதலில் தொட வேண்டும்? வீட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் எவ்வளவு வேண்டும்? குக்கர் கொண்டுபோகலாமா?

மல்லேஸ்வரம்_பாலா:
பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் கையில் எடுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? பெற்றோர் பெயர் மட்டும் போட்டு, குழந்தை பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்ட சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். அப்படியென்றால் சேலத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு மற்ற வேலை. பெயர் இருந்தும் இனிஷியல் மட்டும் இருந்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் அதையும் இங்கேயே சரிசெய்யுங்கள்.

அடுத்தது அபோஸ்டில், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ளும் முத்திரை. சான்றிதழ் கொடுத்தது தமிழ்நாடு என்பதால் தமிழ்நாட்டு அரசின் சான்றொப்பம் முதலில், அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில். பெங்களூருவில் குடியிருக்கிறோம் என்பதற்காகக் கர்நாடக அரசிடம் போனால் வேலை நடக்காது. இதில்தான் பலருக்கு வாரக்கணக்கில் நாள் போகிறது. அபோஸ்டில் ஒட்டிய பிறகே பிரெஞ்சில் மொழிபெயர்க்கக் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் அபோஸ்டில் மொழிபெயர்ப்பில் இருக்காது, திரும்பவும் காசு. பிரான்ஸ் நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

இவ்வளவு எதற்கு என்றால், அங்கே நிரந்தர சமூகப் பாதுகாப்பு எண் இந்தச் சான்றிதழை வைத்துத்தான் உருவாகிறது. அது வராவிட்டால் மருத்துவ அட்டையான கார்த் வித்தால் வராது. தற்காலிக எண்ணோடு ஒவ்வொரு ரசீதையும் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

சர்நேம் விஷயம்: பிரெஞ்சுப் படிவம் 'நோம்' (குடும்பப் பெயர்) கட்டத்தை காலியாக விடாது. விசாவில் பெயர் எப்படி அச்சாகி வருகிறதோ, வங்கி, வீடு, காப்பீடு எல்லாவற்றிலும் அதே வரிசையில் எழுதுங்கள். ஓரிடத்தில் மாற்றி எழுதினால் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடும்.

போய் இறங்கிய 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் கட்டணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். முதல் வாரமே முடித்து, வரும் பிடிஎஃப்பை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

ரிச்மண்ட்டவுன்_அக்கா:
கவி, பணத்தைப் பத்தி நான் சொல்றேன். கைக்கு வர்றது மாசம் 800 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனா முதல் சம்பளம் உடனே வராது. வேலையில சேர்ற அன்னிக்குப் பள்ளியில 'புரோசே-வெர்பால்'னு ஒரு சேர்க்கைப் படிவத்துல கையெழுத்து வாங்குவாங்க. அதுவும் உங்க வங்கி விவரத் தாளும் (அங்க அதை 'ரிப்'னு சொல்வாங்க) ரெக்டோராவுக்கு (வட்டாரக் கல்வி அலுவலகம்) போய்ச் சேர்ந்தாத்தான் பணம் நகரும். ரெண்டு மாசச் செலவுக்குக் காசு கையில இருக்கணும்.

வங்கிக்கணக்குக்கு முகவரி கேப்பாங்க, வீட்டுக்காரர் வங்கிக்கணக்கு கேப்பார். இந்தச் சுழல்ல மாட்டாம இருக்க, பள்ளி விடுதியில முதல் சில வாரம் அறை கிடைக்குமான்னு இப்பவே மெயில் போடுங்க. கிடைச்சா 'இங்க தங்கியிருக்காங்க'ன்னு ஒரு கடிதமும் வாங்கிக்கோங்க.

வீடு தேடும்போது 'பாய் மொபிலிதே' ஒப்பந்தம் கேளுங்க. 1 முதல் 10 மாசம் வரைக்கும், தட்டுமுட்டுச் சாமானோட கூடிய வீடு. சட்டப்படி அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பெங்களூருல பத்து மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகின நமக்கு இது பெரிய நிம்மதி. ஜாமீன் ஆளுக்குப் பதிலா 'விசால்'னு ஒரு வாடகை உத்தரவாதச் சான்று போதும், இலவசம், 30 வயசு வரைக்கும் கிடைக்கும். ஆனா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே வாங்கணும்.

குடிபோன மாசமே 'காஃப்'ல (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) வாடகை உதவிக்கு விண்ணப்பம் போட்டுடுங்க. முதல் மாசத்துக்குத் தர மாட்டாங்க, விட்டுப்போன மாசத்துக்குப் பின்னாடி சேர்த்தும் தர மாட்டாங்க.

கோரமங்களா_செந்தில்:
குக்கர்: அங்கே வாடகை வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு நிறைய. அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் சரி. 3 லிட்டர் எவர்சில்வர் ஒன்று, கூடவே கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று. நம் அளவுக் கேஸ்கெட் அங்கே கடையில் கிடைக்காது.

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செல்போனின் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நேராகப் போகும். மிக்ஸி, லேப்டாப்பின் மூன்று முள் பிளக் போகாது, எர்த் இணைப்புள்ள அடாப்டர் வேண்டும்.

நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலைக்குப் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தமிழிலேயே பேசி வாங்கலாம்.

வகுப்புக்குப் பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கட்டத்தில் 15 மொழிகள் இருக்கும். ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து 'எத்தனை எழுத்து வடிவம் தெரிகிறது?' என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளையும் பேசும். சிறு குழுவைத் தனியாக எடுக்கலாம். முழு வகுப்பையும் உங்களிடம் விட்டுவிட்டு ஆசிரியர் போனால், உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள், அது உங்கள் வேலை இல்லை.

இந்திராநகர்_கவி:
மூவருக்கும் மிக்க நன்றி. விடுமுறையில் லண்டன், ஜெனீவா போக இந்த விசா போதுமா?

மல்லேஸ்வரம்_பாலா:
ஜெனீவா போகலாம், சுவிட்சர்லாந்து ஷெங்கனில் (எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) இருக்கிறது. லண்டனுக்கு இது செல்லாது, தனி விசா. பிரான்ஸில் பள்ளி விடுமுறைத் தேதி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். உங்கள் ஊர் 'அ' (A) மண்டலம், தேதி பார்க்கும்போது மண்டலத்தைக் கவனியுங்கள். 27 வயது வரைக்குமான ரயில் சலுகை அட்டை வருடத்துக்கு 49 யூரோ, அதிவேக ரயிலிலும் இன்டர்சித்தே எனும் நெடுந்தூர ரயிலிலும் 30 சதவீதம் குறையும். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஓரியாக்குக்கு இரவு ரயில் உண்டு, அதற்கும் இந்த அட்டை செல்லும். பெட்டியோடு முதல் தடவை போகும்போது அதிலேயே போய்விடுங்கள், நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை.