வெளி ஓரத்தில் திருகாணி ஏறிய கார் டயர்: பஞ்சர் ஒட்டலாமா, மாற்றிவிடலாமா?

மடிப்பாக்கம் வாசி:
அனைவருக்கும் வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை இரவு மழையில் பள்ளிக்கரணை வழியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் காரின் பின்பக்க இடது டயர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தபோது, தலை தேய்ந்து வெள்ளிபோல் மின்னிய ஒரு திருகாணி, டயரின் வெளி ஓரப் பள்ளத்தை ஒட்டி ஏறியிருப்பது தெரிந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் ஸ்டெப்னியை மாட்டாமல், ஒன்றரைக் கிலோமீட்டர் அப்படியே ஓட்டிச் சென்று பஞ்சர் கடையில் காட்டினேன். கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலேயே திருகாணியைப் பிடுங்கி, ஸ்ட்ரிப் (துளையை அடைக்கும் ரப்பர் திரி) சொருகி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். குமிழி எதுவும் வரவில்லை. ஆயினும் 33 பி.எஸ்.ஐ. வைத்த காற்று மூன்று நாளில் 29-க்கு இறங்கிவிட்டது.

டயர் 185/65 ஆர்15, டியூப்லெஸ். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்னொரு கடையில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி செல்ல வேண்டும். வீண்செலவும் கூடாது, வழியில் ஆபத்தும் கூடாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பாடி டயர்க்காரர்:
ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேல் டயர் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்காத வரையில், ஒட்டலாம் என்றோ மாற்றலாம் என்றோ யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலில் துளை இருக்கும் இடம். தரையில் படும் பகுதியின் நடுவில், 6 மில்லிமீட்டருக்கு மிகாத துளை என்றால் தாராளமாக ஒட்டலாம். பக்கச்சுவரிலோ, அது தொடங்கும் தோள் பகுதியிலோ இருந்தால் ஒட்டக்கூடாது. ரேடியல் டயரில் பட்டனுக்கு, அதாவது தரையில் படும் பள்ளம் வெட்டிய ரப்பருக்கு, அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. அவை தோளோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் சுமையைத் தாங்குவது நூலிழைகள்தான், அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. உங்கள் அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 முறை சுற்றும். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் மூன்று லட்சம் சுற்று. அத்தனை முறை மடங்கும் இடத்தில் எந்த ஒட்டும் நிலைக்காது.

அடுத்து, ஸ்ட்ரிப் என்பது அவசரத்துக்குத்தான். அது துளையை அடைக்கிறதே தவிர, காற்றைப் பிடித்து வைக்கும் உள் படலத்தை மூடுவதில்லை. சரியான முறை மஷ்ரூம் பேட்ச்: டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை தடவி, காளானின் தண்டு துளையை அடைக்க, குடை உள்ளே ஒட்டிக்கொள்ளும்படி இழுத்துப் பொருத்துவார்கள். தண்டு துளையை நிரப்பாவிட்டால் மழைநீர் உள்ளே போய் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் சாலையில் தண்ணீர் நிற்கும் நம் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

ஈசிஆர் பயணி:
சகோதரரே, எனக்குக் கவலை தருவது துளையைவிட நீங்கள் ஓட்டிச் சென்ற அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நானும் ஒருமுறை திருவான்மியூரில், அடுத்த பெட்ரோல் பங்க் வரைதானே என்று இறங்கிய டயரோடு ஓட்டினேன். துளை நட்டநடுவில், ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து அடுப்புக்கரியை இடித்ததுபோல் கறுப்புத் தூள் கொட்டியது; பக்கச்சுவரின் உட்புறம் முழுக்க ஒரு வளையம்போல் ரப்பர் உரிந்து, விரல் வைத்தால் நூலிழை தட்டுப்பட்டது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே சுவர் நசுங்கி அரைபட்டால் இப்படித்தான் ஆகும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கடைப் பையன் அதை டார்ச் அடித்துக் காட்டியிராவிட்டால், ஒட்டிக்கொண்டு போயிருப்பேன்.

உள்ளே சுத்தமாக இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். வேறொரு டயரில் நடுப்பகுதியில் போட்ட மஷ்ரூம் பேட்ச், பட்டன் தேய்ந்து தீரும் வரை எனக்கு உழைத்தது.

அம்பத்தூர் பணிமனை:
மேலே இருவரும் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மாற்றுவது என்று முடிவானால் ஒன்றா, இரண்டா, நான்கா என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மழைச் சாலைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் ஆழமில்லாமல் போனால் டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும். மற்றவற்றில் இன்னும் பட்டன் நன்றாக இருந்தால் நான்கையும் மாற்றத் தேவையில்லை. ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றினால் போதும். புதியவை பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1424 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் பழைய டயர்களின் வயதையும் அப்படியே அறியலாம். அளவை அடுத்து வரும் எண்ணும் எழுத்தும், எடுத்துக்காட்டாக 88 எச், சுமையையும் வேகத்தையும் குறிக்கும். பழையதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

மடிப்பாக்கம் வாசி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வேளச்சேரியில் ஒரு கடையில் கழற்றிப் பார்த்தோம். ஸ்ட்ரிப்பின் நுனி பட்டனின் அடியில் இல்லை. உட்புறம் சுவர் வளையத் தொடங்கும் இடத்தில் சாய்வாக வெளிவந்திருந்தது. வெளியே ஓரப் பள்ளத்தில் தெரிந்த திருகாணி சரிந்து ஏறியிருக்கிறது. கறுப்புத் தூளும் ஒரு கைப்பிடி இருந்தது. கடைக்காரரே ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். முன் டயர்களில் 4 மில்லிமீட்டர் பட்டன் இருப்பதை அளந்து காட்டியதால், பின்பக்கம் இரண்டை மட்டும் மாற்றி, பேலன்ஸிங்கும் அலைன்மென்டும் செய்துகொண்டேன். கழற்றிய வலப்பக்க டயரை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பாடி டயர்க்காரர்:
அதன் டிஓடி எண்ணையும் ஸ்டெப்னியின் எண்ணையும் ஒப்பிட்டு, எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியின் காற்றையும் பாருங்கள் ஐயா. பெரும்பாலான கார்களில் அது டிக்கியில் காற்று இறங்கித்தான் கிடக்கிறது. ஆளேறி, பெட்டி ஏற்றிய காருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் சூடேறுவதற்கு முன் அந்த அளவுக்கு நிரப்புங்கள்.