சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடி

ஓடைத்தடம்

இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று, காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் இந்தக் குழுவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன். இரண்டு வருடமாகிறது, இன்னும் உறுத்துகிறது.

முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர். முன்னால் போன வண்டி அலட்டிக்கொள்ளாமல் கரையேறிவிட்டது. அதே தடத்தில்தான் நானும் இறங்கினேன், கொஞ்சம் வேகமாக. பானெட் மேல் அலை ஏறியது. ஓடையின் நடுவில் வண்டி இருமுறை திணறி நின்றுவிட்டது. கதவோரம் தண்ணீர் சளசளக்கிறது, வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கறக் கறக் என்று ஓடுகிறது, காலுறைக்குள் ஈரம் ஏறுகிறது. மனைவி "இறங்கிவிடலாமா" என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை சாவிக்குப் போய்விட்டது.

இன்ஜின் சுற்றவில்லை. உள்ளே "டக்" என்று ஒரே ஒரு சத்தம், இரும்புக் குழாயைச் சுத்தியலால் தட்டியது போல. பிறகு பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைத் தாங்கும் தண்டு, அதாவது கனெக்டிங் ராடு, ஒன்று வளைந்திருந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நொடி இருந்தால் எழுதுங்கள்.

கயிறுகட்டி

என்னுடையது கயிறு. சேற்றில் புதைந்த நண்பரின் வண்டியைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். மழை வருகிறது, அவசரம். நான்தான் குனிந்து கயிற்றை மாட்டினேன். எதில்? நண்பரின் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில். கையருகே அதுதான் இருந்தது.

நண்பர் தன் வண்டியிலேயே இருந்தார், இன்னொருவர் இழுக்கும் வண்டியை ஓட்டினார். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் ஓடிவந்து இழுத்தார். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நான் ஒதுங்கி நின்றது பக்கவாட்டில், அதுவும் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால்.

கழன்ற உருண்டை இழுக்கும் வண்டியின் பின்கண்ணாடியைத் துளைத்து, பின்னிருக்கையின் தலைசாய்ப்பைக் கிழித்து, முன்னிருக்கைக்கு அடியில் போய்க் கிடந்தது. அதன் மேல் கிரீஸ் அப்போதும் பளபளத்தது. காலையில் அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் நான்.

யாரும் எதுவும் பேசவில்லை. ஓட்டியவர் இறங்கி வந்து, பிதுங்கிக் கிடந்த பஞ்சை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்.

மணல்வாசி

ஓடைத்தடம் நண்பரே, நீங்கள் தவறான இடத்துக்காக வருந்துகிறீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்துக்கு ராடு வளைவது அரிது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தண்ணீரை உறிஞ்சியபோதே அது வளைந்திருக்கும். நீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வருகிறது, வழி இல்லை, ராடு வளைகிறது. நீங்கள் கேட்ட "டக்" வெறும் முட்டல்தான். உங்கள் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது: நடந்து பார்க்காமல் இறங்கியது, வேகமாக இறங்கியது. 30 சென்டிமீட்டர் வேகநீர் சிறிய காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். கோலூன்றி நடக்க முடியாத நீரில் வண்டியை விடக் கூடாது. லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் அமைப்பு) இரண்டாவது கியர், மனிதன் நடக்கும் வேகம், நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது சிறியது. மணலில் புதைந்தபோது சக்கரத்துக்கடியில் வைக்கும் பலகைகளைப் புதிதாக வாங்கிப் போயிருந்தேன். வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தேன். சக்கரம் பலகை மேலேயே சுற்றியது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பலகையின் பற்களெல்லாம் மழுங்கி மொட்டையாகிவிட்டன.

இதைச் சொல்வதற்குக் காரணம், பலகையே தேவைப்பட்டிருக்காது. டயரில் காற்றைக் குறைத்திருந்தால் போதும். சாலையில் 32 முதல் 35 பவுண்டு வைத்திருப்போம், மணலில் 18க்கு இறக்குங்கள், போதவில்லை என்றால் 15. டயர் தட்டையாகி நீளவாக்கில் தரையைக் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும். காற்றைக் குறைத்த பிறகு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள், தானாக உருண்டு நிற்க விடுங்கள், முடிந்தால் சரிவு பார்த்து நிறுத்துங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததுமே காலை எடுங்கள். இன்னும் இரண்டு வினாடி மிதித்தால் அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு மண்வெட்டிதான். சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்றடிப்பது. பாதிக் காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். கம்ப்ரஸர் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

கயிறுகட்டி சொன்னதற்கும் ஒன்று: வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென்று அடியில் ஒரு வளையம் இருக்கும். அதுவும் இழுக்கும் இடமல்ல.

இரவுக்காவல்

மணல்வாசி ஐயா, ஓடையில் நின்றவரிடம் டயர் காற்றைப் பற்றி இத்தனை வரிகளா? அவர் கேட்டது அனுபவம். தவிர, 15 பவுண்டு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. கூரையில் கூடாரமும் பின்னால் தண்ணீர்க் கேன்களும் ஏற்றிய வண்டியும் காலி வண்டியும் ஒன்றா?

என்னுடையது ஓட்டும்போது நடந்ததல்ல. மலையில் கடுங்குளிர், நாங்கள் இருவர், வண்டிக்குள்ளேயே படுத்தோம். வெளியே கரி அடுப்பு அணைந்துவிட்டது போலச் சாம்பல் பூத்துக் கிடந்தது. கதகதப்புக்காக அதை உள்ளே, காலடியில் வைத்தோம். புகை இல்லை, நாற்றம் இல்லை. அதனால் பயமும் இல்லை.

இரவில் தலைவலியில் விழித்தேன். எழ வேண்டும் என்று தெரிகிறது. கதவின் கைப்பிடி கண்ணெதிரே தெரிகிறது. விரல்களை அதன் மேல் வைத்தும்விட்டேன். இழுக்க வேண்டும் என்பது விரல்களுக்குப் போய்ச் சேரவில்லை. "கொஞ்சம் தூங்கிவிட்டு இழுக்கலாம்" என்று தோன்றியது. அந்த எண்ணம் இதமாக இருந்தது, அதுதான் இப்போது நினைத்தாலும் நடுங்க வைக்கிறது. கை தானாகச் சரிந்ததில்தான் கதவு திறந்தது. நண்பனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். விடியும்வரை வாந்தி எடுத்தான்.

கரி எரியும்போது வரும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், மணல்வாசி உட்பட.

மணல்வாசி

பாடம் எடுக்கவில்லை. எடையேற்றிய வண்டிக்கு 15 கூடாது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாயு சேர்ந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி வைத்திருக்கிறீர்களா? பேட்டரியில் ஓடும், உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

இரவுக்காவல்

இரண்டு வைத்திருக்கிறேன்.

வறண்டபடுகை

சுருக்கமாக. காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் போட்டோம், சமதளம் என்று. வானத்தில் நட்சத்திரம், ஒரு மேகம் இல்லை. மழை எங்கோ மேலே பெய்திருக்கிறது. இருட்டில் லாரி வருவது போல ஒரு உறுமல். படுகையில் எப்படி லாரி வரும் என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியில்தான் நாங்கள் எழுந்து ஓடினோம். வண்டியைக் கரையேற்றினோம், கூடாரம் போய்விட்டது.

ஓடைத்தடம்

மணல்வாசி சொன்னதை மெக்கானிக்கிடமே கேட்டேன். நின்றபோதே வளைந்திருக்கலாம், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதல் இல்லை. திருப்பும்போது எனக்கு அது தெரியாது அல்லவா?

போன மாதம் மறுபடி ஒரு ஓடை. இந்த முறை கோலூன்றி நடந்து பார்த்தேன், தொடையை எட்டவில்லை, அடியில் கெட்டியான கூழாங்கல். திரும்பி வந்தால் மனைவி வெளியே நிற்கிறாள். "நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றாள். சாவியைத் தொடமாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் ஏறினாள்.