புது இமேஜில் ரூட் லாகின் ஆகவில்லை, டேட்டா ஃபோல்டரிலும் எழுத முடியவில்லை – அவசரம்

நள்ளிரவு_பில்ட்
வணக்கம் நண்பர்களே. எங்கள் லினக்ஸ் போர்டுக்கு நேற்று போட்ட இமேஜில் (போர்டில் ஏற்றும் முழு மென்பொருள் தொகுப்பு) ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள யூசராக, உள்ளே போகவே முடியவில்லை. பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், "லாகின் இன்கரெக்ட்" என்று திருப்பி அனுப்புகிறது. கூடவே இன்னொரு தலைவலி. எங்கள் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) தனி யூசராக ஓடுகிறது. அதன் டேட்டா ஃபோல்டரில் ஒரு ஃபைல்கூட எழுத முடியவில்லை, "பெர்மிஷன் டினைட்". ஓனரை மாற்றியும் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. நாளைக் காலைக்குள் இமேஜ் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கர்னல்காரன்
எதில் பில்ட் செய்கிறீர்கள்? லினக்ஸ் இமேஜ் செய்யும் கருவிகளில் யாக்டோவா, பில்ட்ரூட்டா? பாஸ்வேர்டை எந்த இடத்தில் கொடுத்தீர்கள்? ஓனரை எங்கே மாற்றினீர்கள், பில்ட் மெஷினிலா, போர்டிலா? போர்டில்தான் உள்ளே போக முடியவில்லையே.

ரெசிபி_ராசா
இது யாக்டோவில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். யூசர்களைச் சேர்க்கும் எக்ஸ்ட்ரா யூசர்ஸ் கிளாஸில் பெரிய பி ஆப்ஷன் போட்டுப் பாஸ்வேர்டை அப்படியே எழுதியிருப்பீர்கள். பழைய வெளியீடுகளில் அது நடந்தது, புதியவற்றில் எடுத்துவிட்டார்கள். இப்போது சின்ன பி போட்டு ஹாஷைத்தான் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எழுத்துத் தொடர்) கொடுக்க வேண்டும். ஹாஷில் வரும் ஒவ்வொரு டாலர் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், இல்லாவிட்டால் கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதை வேரியபிள் என்று நினைத்துத் தின்றுவிடும்.

டிடிஒய்_தம்பி
எனக்கு செக்யூர்டிடிஒய் மேல்தான் சந்தேகம், ரூட் எந்தப் போர்ட்டுகள் வழியாக உள்ளே வரலாம் என்று பட்டியலிடும் கோப்பு அது. பிஸிபாக்ஸ் (சிறிய போர்டுகளுக்கான கட்டளைத் தொகுப்பு) லாகினில் அந்த வசதி ஆன் ஆகி, அந்தக் கோப்பும் இருந்து, உங்கள் சீரியல் போர்ட்டின் பெயர் அதில் இல்லை என்றால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் ரூட்டை விடாது. செய்தியும் இதே "இன்கரெக்ட்"தான். போர்டு மாற்றியபோது போர்ட்டின் பெயர் மாறி, இதே சிக்கலில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன்.

மூத்த_நிரலர்
பில்ட் சிஸ்டத்தின் பெயர்கூடச் சொல்லாமல் கேட்கப்பட்ட கேள்விக்கு மூன்று பேர் மூன்று திசையில் ஓடுகிறீர்கள். தம்பி, முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். எந்தக் கருவி, எந்த வெளியீடு, எதை மாற்றினீர்கள், என்ன வந்தது. இந்த நான்கும் இல்லாத கேள்விக்குப் பதில் தேடுவது மற்றவர்கள் நேரத்தை வீணாக்குவது. கையேட்டில் எல்லாமே இருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு அதைத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லை.

நள்ளிரவு_பில்ட்
மன்னிக்கவும் சார், அவசரத்தில் எழுதிவிட்டேன். பில்ட்ரூட். முன்பு பாஸ்வேர்டை அப்படியே அதன் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்கில் வைத்திருந்தோம், கான்ஃபிக் கோப்பில் அது வெளிப்படையாகத் தெரிகிறது என்று ஹாஷாக மாற்றச் சொன்னார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாஸ்வேர்டு கட்டளைக்கு -6 கொடுத்து ஹாஷ் எடுத்து, ரூட் பாஸ்வேர்டு என்ற இடத்தில் ஒட்டினேன். சீரியல் கேபிள், எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) இரண்டிலும் இதே கதை. டேட்டா ஃபோல்டர் ஓவர்லேயில் (இமேஜுக்குள் அப்படியே நகலாகும் எங்கள் ஃபோல்டர்) இருக்கிறது. இமேஜ் ஆவதற்கு முன் ஓடும் போஸ்ட் பில்ட் ஸ்கிரிப்டில் சுடோ (ரூட் அதிகாரம்) போட்டு ஓனரை மாற்றுகிறேன்.

உப்பு_ஹாஷ்
ஹாஷின் வகையைப் பாருங்கள். இப்போதைய பல டெஸ்க்டாப் லினக்ஸ்களில் பாஸ்வேர்டு ஹாஷுக்கு யெஸ்கிரிப்ட் என்ற முறைதான் இயல்பு. போர்டில் இருக்கும் சி லைப்ரரிக்கு அது தெரியாவிட்டால் எந்தப் பாஸ்வேர்டு அடித்தாலும் பொருந்தாது.

கர்னல்காரன்
அவர் -6 கொடுத்திருக்கிறார், அப்படியென்றால் எஸ்எச்ஏ-512. அது இல்லை.

நள்ளிரவு, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். போர்டைத் தொடவே வேண்டாம். பில்ட் மெஷினில் அவுட்புட்டுக்குள் டார்கெட் ஃபோல்டர், அதில் இடிசி, அதில் பாஸ்வேர்டு ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பு. ரூட் என்று தொடங்கும் வரியைத் திறந்து, நீங்கள் ஒட்டிய ஹாஷோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். முக்கியமாக இரண்டாவது டாலருக்கும் மூன்றாவது டாலருக்கும் நடுவில் இருக்கும் சால்ட், அதாவது ஹாஷ் போடும்போது சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்.

நள்ளிரவு_பில்ட்
பார்த்தேன் அண்ணா. ஹாஷ் இருக்கிறது, $6$ என்றுதான் தொடங்குகிறது, நீளமும் சரி. ஆனால் சால்ட் வேறு! நான் கொடுத்தது இல்லவே இல்லை. யார் மாற்றியது?

கர்னல்காரன்
பில்டை ஓட்டும் மேக் கருவிதான். மெனுகான்ஃபிக்கில் நீங்கள் எழுதுவதைக் கடைசியில் மேக் படிக்கிறது. அதற்கு டாலர் என்றால் மாறி (வேரியபிள்). உதாரணத்துக்கு உங்கள் ஹாஷ் $6$4821$9035 என்று வைத்துக்கொள்ளுங்கள். $6, $4, $9 மூன்றையும் மாறி என்று எடுத்துக்கொள்கிறது. மூன்றுமே காலி. மிஞ்சுவது 821035.

கொடுமை இதற்கு அடுத்துதான். ரூட் பாஸ்வேர்டு $1$, $5$, $6$ இவற்றில் ஒன்றில் தொடங்கினால் மட்டும்தான் பில்ட்ரூட் அதை ஹாஷ் என்று ஏற்கும். 821035 அப்படித் தொடங்கவில்லை. ஆக அதையே பாஸ்வேர்டு என்று நினைத்து, அதற்குப் புதிதாக ஒரு ஹாஷ் போட்டு ஷேடோவில் எழுதிவிடுகிறது. அதனால்தான் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஒவ்வொரு டாலரையும் இரட்டித்து எழுதுங்கள்: $$6$$4821$$9035. மெனுவில் அந்த இடத்தின் உதவிக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. முழுக்க மறுபடி பில்ட் செய்யத் தேவையில்லை, வெறும் மேக் போதும்.

மூத்த_நிரலர்
கையேட்டைப் படிக்கச் சொன்னேன் அல்லவா? அது இருக்கட்டும். எல்லாப் போர்டுக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டை இமேஜில் புதைப்பதே தவறு. அதைத் திருத்த ஆள் இல்லை, டாலர் குறியைத் திருத்தக் கூட்டம் கூடியிருக்கிறது.

ரெசிபி_ராசா
அவர் கேட்டது அது இல்லையே சார். பெஞ்சில் வைத்துச் சோதிக்கிற இமேஜாகக்கூட இருக்கலாம்.

மூத்த_நிரலர்
சோதனை இமேஜ் என்று சொல்லித்தான் எல்லாமே வெளியே போகிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது எப்படி? கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது, ஒரு சின்னப் பட்டியலை வைத்தே உள்ளே போனார்கள். இப்போது சட்டமே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்து, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-இலிருந்து. ஐரோப்பியத் தரமான ஈஎன் 303 645-இன் முதல் விதியே, எல்லாக் கருவிக்கும் பொதுவான பாஸ்வேர்டு கூடாது என்பது.

உப்பு_ஹாஷ்
இதில் மூத்தவர் பக்கம்தான் நான். ஹாஷ்தானே என்று கிட் கோட் களஞ்சியத்தில் போட்டு வைப்பதும் ஆபத்து. பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் ஹாஷை வைத்தே உடைத்துவிடலாம். இமேஜ் ஒருவர் கைக்குப் போனாலே ஷேடோ கோப்பும் போனதாகத்தான் அர்த்தம். வெளியே போகிற இமேஜில் ரூட் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டு, பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு மட்டும் வையுங்கள்.

டிடிஒய்_தம்பி
சாவி சரி. நெட்வொர்க்கே எழாமல் போர்டு நின்றுவிட்டால்? சீரியலில் எப்படி உள்ளே போவது? களத்தில் போய் நிற்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். போர்டுக்கு ஒரு தனிப் பாஸ்வேர்டு, தயாரிப்பின்போதே எழுதி ஒட்ட வேண்டும். அதுதான் வழி.

மூத்த_நிரலர்
ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டு ரகசியமா?

டிடிஒய்_தம்பி
அதைப் படிக்க ஆள் போர்டுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். இணையத்தில் எங்கிருந்தோ வருகிறவனுக்கு அது தெரியாது. இரண்டும் ஒன்றல்ல.

கர்னல்காரன்
இரண்டு பேரும் இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இவருடைய இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

நள்ளிரவு, போஸ்ட் பில்ட் ஸ்கிரிப்டில் ஓனரை மாற்றுவது வீண் வேலை. ஃபைல்சிஸ்டம் இமேஜ் செய்யும் கட்டத்தில் ஃபேக்ரூட்டுக்குள் (ரூட் போல நடிக்க வைக்கும் கருவி) முதல் வேலையாகவே டார்கெட்டில் உள்ள எல்லாவற்றின் ஓனரையும் பில்ட்ரூட் 0:0, அதாவது ரூட், ஆக்கிவிடுகிறது. ஓவர்லேயிலிருந்து வந்ததும் அதில் சேர்த்தி. அதன் பிறகுதான் யூசர் அட்டவணை, அதற்கும் பிறகு பெர்மிஷன் அட்டவணை. உங்கள் மாற்றம் இந்த இரண்டில் ஒன்றில் இருக்க வேண்டும். சுடோவை இன்றே எடுத்துவிடுங்கள், பில்ட் ஃபோல்டரில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் கிடந்தால் அடுத்த பில்ட் வேறெங்காவது முட்டும்.

யூசர் அட்டவணையில் ஒரு வரிக்கு ஒன்பது புலங்கள்: பெயர், யூஐடி (யூசர் எண்), குரூப், ஜிஐடி (குரூப் எண்), பாஸ்வேர்டு, ஹோம் (யூசரின் சொந்த ஃபோல்டர்), ஷெல், கூடுதல் குரூப்கள், குறிப்பு. சர்வீஸ் யூசருக்குப் பாஸ்வேர்டு புலத்தில் * போடுங்கள், லாகின் கிடையாது. டேட்டா ஃபோல்டரையே ஹோமாகக் கொடுத்தால் அதை உருவாக்கி, ஓனரையும் அந்த யூசருக்கே மாற்றிவிடும். யூஐடி இடத்தில் -1 போடாதீர்கள். அது தானாக எண் ஒதுக்கும், நாளைக்கு இன்னொரு யூசரைச் சேர்த்தால் எண் நகர்ந்துவிடலாம். நிலையான எண் ஒன்றைக் கொடுத்து எங்காவது எழுதி வையுங்கள்.

ரெசிபி_ராசா
யாக்டோவிலும் இதே பிரச்சினை உண்டு, அதற்காகத்தான் ஸ்டாடிக் ஐடி அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒரு சந்தேகம். நள்ளிரவு, அந்த டேட்டா ஃபோல்டர் ரூட் ஃபைல்சிஸ்டத்திலேயே இருக்கிறதா, தனிப் பார்ட்டிஷனா (சேமிப்பகத்தின் தனிப் பிரிவு)?

நள்ளிரவு_பில்ட்
தனிப் பார்ட்டிஷன்தான் அண்ணா. அப்டேட்டில் அழியக்கூடாது என்று வைத்திருக்கிறோம். பூட் ஆகும்போது மவுன்ட் ஆகும், அதாவது அந்த ஃபோல்டரின் இடத்தில் வந்து இணையும். அது முக்கியமா?

ரெசிபி_ராசா
அதுதானே முழு விஷயம்! பார்ட்டிஷன் மேலே வந்து உட்கார்ந்ததும் இமேஜில் இருந்த ஃபோல்டர் மறைந்துவிடும், அதற்குக் கொடுத்த ஓனரும் போச்சு. கண்ணுக்குத் தெரிவது பார்ட்டிஷனின் சொந்த ரூட் ஃபோல்டர். புதிதாக ஃபார்மாட் செய்ததில் அது ரூட் கையில்தான் இருக்கும். யூசர் அட்டவணை எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே எட்டாது. மவுன்ட் முடிந்து, சர்வீஸ் கிளம்புவதற்கு முன்னால் ஓடுகிற இனிட் ஸ்கிரிப்டில் (பூட்டின்போது தானாக ஓடுவது) துணை ஃபோல்டரை உருவாக்கி அந்த யூசருக்குக் கொடுங்கள்.

நள்ளிரவு_பில்ட்
லாகின் ஆகிவிட்டது, டாலரை இரட்டித்ததும் சரி. இனிட் ஸ்கிரிப்டும் போட்டேன், சர்வீஸ் எழுதுகிறது. யூஐடி 1500 என்று வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, இமேஜ் அனுப்பப் போகிறேன்.

கர்னல்காரன்
நிறுத்துங்கள், அனுப்புவதற்கு முன் ஒன்று. இந்த இமேஜ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகளுக்கும் போகிறதா? அவற்றின் டேட்டா பார்ட்டிஷனில் பழைய கோப்புகள் எந்த யூஐடியில் கிடக்கின்றன என்று ஒரு போர்டிலாவது எண்ணாகப் பட்டியலிட்டுப் பாருங்கள். பழைய இமேஜில் -1 போட்டு வேறு எண் வந்திருந்தால், 1500-ஆக ஓடப்போகும் சர்வீஸ் தன் சொந்தக் கோப்புகளையே திறக்க முடியாமல் நிற்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ஃபோல்டரை மட்டும் மாற்றுகிறதா, உள்ளே இருப்பதையும் மாற்றுகிறதா?

கர்னல்காரன்
நள்ளிரவு, பார்த்தீர்களா?