காயம்பட்ட கரடியையும் கணக்கில் சேர்ப்பது சரியா?

வடகரை:
அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரத்திலும் கோடியாக் தீவிலும் ஒரு விதி இருக்கிறது. நீங்கள் சுட்டுக் காயப்படுத்திய கரடி கைக்குக் கிடைக்காமல் போனாலும், அந்த ஆண்டு நீங்கள் சுடலாம் என்ற எண்ணிக்கையில் அது கழிந்துவிடும். ரத்தமோ, குண்டு பட்டதற்கான வேறு அடையாளமோ இருந்தாலே காயம்தான். ஒரு கரடிக்கு மட்டும் அனுமதி உள்ளவர் அத்தோடு துப்பாக்கியை உறையில் போட வேண்டும். கரடி வேட்டை நடக்கும் எல்லா இடத்துக்கும் இது வர வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்றைச் சுட வழி திறந்திருந்தால், அடிபட்டதைத் தேடும் கால்கள் சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

மழைக்காடு:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. அந்தக் கரையோரத்தில் உள்ள கெட்சிகன் ஊர்ப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வசந்த காலத்தில் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கறுப்புக் கரடிகள் கரையில் இறங்கிக் கோரைப்புல் மேயும். அங்கே வைத்துத்தான் சுடுவார்கள். அடிபட்டதும் நாலு பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விடும். உள்ளே சாய்ந்து கிடக்கும் மரங்கள், பாசி, ஆள் உயரத்துக்கு முள்செடி. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு குண்டு போன துளையை அடைத்துவிடும். கசிகிற கொஞ்சநஞ்சத்தையும் முடி உறிஞ்சிக்கொள்ளும். மானுக்கு இருப்பதுபோல் குளம்பும் கிடையாது. மெத்தென்ற அந்தப் பாதம் பாசியில் தடம் பதிப்பதே அரிது.

இந்த நிலையில் பட்டதா இல்லையா என்று சுட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நேரம் சாட்சிக்கு ஆள் இருக்காது. பட்டது என்று சொன்னால் பருவம் போச்சு. அப்படியானால் ரத்தத்தைக் கூர்ந்து பார்க்காமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். தேடலைக் கூட்ட வந்த விதி தேடலைக் குறைக்கும் என்பதே என் பயம்.

வடகரை:
பொய் சொல்பவருக்காக விதியை எடுத்துவிட முடியுமா? மழையிலும் தடம் இருக்கும், தேடத் தெரிய வேண்டும். சுட்ட இடத்தை விட்டு நகரும் முன் கரடி கடைசியாக மறைந்த மரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அது நின்ற இடத்தில் மண்டியிட்டு முடி, எலும்புத் துணுக்கு பார்க்க வேண்டும். ஈர இலையில் இருப்பது ரத்தமா வெறும் கறையா என்று தெரியாவிட்டால் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், நிறம் தெரிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் ரத்தம் நுரைக்கும். குமிழோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாக நாற்றம் அடித்தால் குடல்.

பலர் தரையையே பார்த்துக்கொண்டு போய்த் தடத்தை விட்டுவிடுகிறார்கள். கரடியின் விலா உரசிப்போன உயரத்தில், செடித்தண்டிலும் இலையின் அடிப்பக்கத்திலும் ரத்தம் பூசியிருக்கும். ஒவ்வோர் அடையாளத்திலும் டிஷ்யூ துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கையில் அது போன திசை புரியும். இவ்வளவும் செய்தவர்தான் "படவில்லை" என்று சொல்லத் தகுதி உள்ளவர்.

செங்காந்தள்:
கரடி வேட்டையே கூடாது என்பவள் நான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுரையீரல் இரண்டிலும் பட்டால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குடலில் பட்டால் பல மணி நேரம் துடிக்கும். அந்த நேரம் முழுக்க "பின்னால் போகாதே, காத்திரு" என்பதுதான் நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது.

இன்னொன்று. அங்கே கொன்ற கரடியின் மண்டையோட்டையும் தோலையும் வனவிலங்குத் துறையிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஆணா பெண்ணா, வயது என்ன என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரிகிறது. புதருக்குள் செத்துக் கிடப்பது அந்தக் கணக்கில் வராது. கறுப்புக் கரடி முதல் குட்டி போடவே நாலைந்து வருடம் ஆகலாம். அதன் பிறகும் பெரும்பாலும் ஒரு வருடம் விட்டுத்தான். போனது பெண் கரடியா என்றுகூடத் தெரியாமல் அடுத்த ஆண்டுக்கான அனுமதியை எதை வைத்து முடிவு செய்வார்கள்?

மழைக்காடு:
முத்திரை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் சகோதரி. காத்திருப்பதைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. குடலில் அடிபட்டது பெரும்பாலும் அருகிலேயே எங்காவது படுத்துவிடும். உடனே துரத்தினால் எழுந்து வெகுதூரம் போய், யாருக்கும் கிடைக்காமல், இன்னும் நீண்ட நேரம் வலியோடு சாகும். இருட்டில், புதருக்குள், காயம்பட்ட கரடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று தெரியாமல் நுழைவது உயிரோடு விளையாடுவது. விடியும்வரை விட்டால் ரோமமும் கொழுப்பும் சூட்டை அடக்கி வைத்து இறைச்சி கெட்டுப்போகும், உண்மைதான். அந்த இழப்பைச் சுட்டவர் ஏற்க வேண்டும்.

உமியோ:
சுவீடனில் இருந்து எழுதுகிறேன். இங்கே சட்டமே வேறு இடத்தில் பிடிக்கிறது. கரடி வேட்டைக்குப் போனால், காயம்பட்ட விலங்கைத் தேடப் பழக்கிய நாய், சுட்ட 2 மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். உருவத்தில் பெரிய எல்க் மானுக்கும் இதே விதி. நாய் ரத்தத்தை மட்டும் நம்பிப் போவதில்லை, அந்த விலங்கின் மணத்தையே பிடித்துக்கொண்டு போகும். ரத்தம் நின்றுபோன இடத்தில் மனிதன் திகைத்து நிற்பான். நாய் நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே போகும். பட்டதா படவில்லையா என்ற வாதத்தைப் பெரும்பாலும் அதுவே தீர்த்துவிடும். சுட்டவரின் வாயை நம்பி இருக்க வேண்டியதில்லை.

மழைக்காடு:
இதைத்தான் நான் கேட்கிறேன். அலாஸ்காவிலும் காயம்பட்ட விலங்கைத் தேட, கயிற்றில் கட்டிய ஒரு நாயைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது. அனுமதியாக இருப்பதைக் கட்டாயமாக்குங்கள், உங்கள் விதிக்கு நானும் கை தூக்குகிறேன்.

வடகரை:
தென்கிழக்கு அலாஸ்காவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் ஒரு ஒதுக்குப்புற விரிகுடாவுக்கு 2 மணி நேரத்தில் நாய் எப்படி வரும்? காற்று எழுந்தால் கடல் விமானமும் இறங்காது. நாய் வேண்டும் என்றால் வேட்டைக்காரரோடு படகிலேயே வர வேண்டும். அதற்கு நான் தயார். ஆனால் நாயும் தேடிக் கிடைக்காமல் போனால்? அப்போதும் அந்தக் கரடி அவர் கணக்கில்தான் சேர வேண்டும்.

செங்காந்தள்:
படகில் நாய் இல்லாதவருக்கு அனுமதிச் சீட்டே கிடையாது என்று ஒரு மனு எழுதுங்கள். நான் வேட்டையை எதிர்ப்பவள்தான், இருந்தாலும் அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிறேன்.