பையனுக்குச் சொப்புச் சாமான் வேண்டும், எங்கே கிடைக்கும்?

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. பையனுக்கு நாலு வயது. பக்கத்து வீட்டுப் பாப்பாவின் சொப்பில் மணலைச் சோறாக்கி, ஐஸ் குச்சியை வஞ்சிரமாக்கி, தெருவில் போகிறவர்களை எல்லாம் "அண்ணே, சாப்ட்டுப் போ" என்று கூப்பிடுகிறான். பேச்செல்லாம் அசல் கையேந்தி பவன் மாஸ்டர்தான்.

அவனுக்கே ஒரு செட் வாங்கலாம் என்றால், "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா சொப்பு, பந்து வாங்கிக் குடு" என்கிறார் மாமியார். பந்தும் இருக்கிறது. அது இப்போது அவன் கடையில் பரோட்டா மாவு. இத்தனைக்கும் மாமனார் கல்யாணச் சமையல் மாஸ்டர்!

பிளாஸ்டிக் வேண்டாம். அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் உள்ள மரச் சொப்பு, வாயில் வைத்தாலும் சாயம் போகாததாக வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அப்படியானால் முத்திரை இல்லாத மரச் சொப்பை எப்படிப் பார்த்து வாங்குவது? பாரிமுனைப் பக்கம் வாங்கியவர்கள் இருந்தால் இடமும் விலையும் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களைச் சண்டை இல்லாமல் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது உண்டா? என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?