ஜாஸ் வாசனையுள்ள நிதானமான ஹிப்-ஹாப் பீட்ஸ்: யாராவது வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். சத்துவாச்சாரியில் மொட்டை மாடி அறை, ராத்திரி பத்துக்கு மேல்தான் வேலைக்கே உட்காருவேன், அதற்கு முன்னால் வேலூர் வெயிலில் காய்ந்த தளம் ஆறாது. சினிமாப் பாட்டு போட்டால் கூடவே பாடிவிடுகிறேன், வேலை நடப்பதில்லை.

போன மாதம் காட்பாடி டீக்கடையில் ஒரு காலேஜ் பையன் போனில் ஏதோ ஓடியது. மெல்லிய பியானோ, பின்னால் பழைய இசைத்தட்டின் கரகரப்பு, டிரம்ஸ் மட்டும் தூக்கக் கலக்கத்தில் அடிப்பதுபோல். "யாருப்பா இது?" என்றேன். "நுஜாபெஸ்ணா, ஜப்பான்காரர், 2010-லயே போயிட்டார்" என்றான். டீ ஆறிப்போனது.

அங்கிருந்து அமெரிக்க பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் டோனட்ஸ் ஆல்பத்துக்குப் போனேன். 31 துண்டுகள், பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 2006-இல் அது வெளிவந்த மூன்றாம் நாள் மனிதர் இறந்துவிட்டார். அப்புறம் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய ஜாஸ் பதிவுகளை வைத்து, மேட்லிப் என்ற இன்னொரு பீட் தயாரிப்பாளர் செய்த 2003 ஆல்பம்.

இதற்கு மேல் வழி தெரியவில்லை. மியூசிக் ஆப்பைக் கேட்டால் பத்து மணி நேர லோ-ஃபை (இதே மாதிரி மெதுவான, கரகரப்பான பின்னணி பீட்ஸ்) தருகிறது, எல்லாம் ஒரே அச்சு, மேலே மழைச் சத்தம் வேறு.

பேண்ட்கேம்ப், சவுண்ட்கிளவுட் மாதிரி இசைத் தளங்களில் தாங்களே வெளியிடும் சின்ன ஆட்கள் யாரையாவது சொல்லுங்கள். ராப் இருந்தாலும் சரி, கத்தாமல் இருந்தால் போதும். வீணையையோ நாதஸ்வரத்தையோ வெட்டி ஒட்டி இப்படிச் செய்யும் நம்ம ஊர்ப் பசங்க இருந்தால் அவர்களை முதலில் சொல்லுங்கள்.