புதுப்பிப்பு: தனியாக ஆகாய கங்கை, இறக்கம் பற்றி விட்டுப்போனவை

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குத் தனியாக பைக்கில் போவது பற்றி முன்பு எழுதியதில் ஏற்றத்தைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. பலர் கேட்டது இறக்கத்தை. நியாயமான கேள்வி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கைவிடுவது இறங்கும்போதுதான்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, வளைவு நெருக்கமானால் முதலாவது. கிளட்சைப் பிடித்தபடி உருட்டினால் முழு எடையும் பிரேக் மேல் விழும். டிஸ்க் சூடேறி பிரேக் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகி லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். உடனே ஓரங்கட்டி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் சீக்கிரம் கொதிக்கும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்புமுன் புதிதாக ஊற்றிவிடுங்கள்.

அறப்பளீஸ்வரர் கோயிலருகே தொடங்கி அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம், அதனால் தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். ஈரப்படியில் தேய்ந்த செருப்பு வழுக்கும். நீர்வரத்து கூடினால் அருவிக்கு விடமாட்டார்கள். மேலேயே விசாரித்துவிட்டு, வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.